சோலார் பண்ணைக்கு எதிராக ஆட்சேபக் கடிதம்: ஊராட்சி மன்ற விசாரணை யாருக்கு உதவுகிறது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில், நிபோங் திபால், சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் பக்கம், தோட்ட நிலம் இன்னும் கணிசமாக இருக்கிறது. சமதளம், நல்ல வெயில், பெரிய துண்டாக ஒரே உரிமையாளரிடம் கிடைக்கும் நிலம்: சோலார் பண்ணைக்கு இடம் தேடுவோர் கேட்பது இவ்வளவுதான். அதே நிலத்தின் ஓரத்தில்தான் லயத்து வீடுகளும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கோயிலும் புதிய தாமான்களும் (வீடமைப்புப் பகுதிகள்) இருக்கின்றன. எரிசக்தி ஆணையம் 2016 முதல் பெரிய அளவிலான சோலார் திட்டங்களைச் சுற்றுச் சுற்றாக ஏலத்துக்கு விட்டு வருகிறது. வீட்டுப் பக்கத்தில் ஒன்று வருகிறது என்று காதில் விழுந்தால், மக்கள் கையில் இருக்கும் முதல் முறையான கருவி திட்டமிடல் அனுமதிக்கு எதிரான ஆட்சேபம். அதைக் கேட்பது ஊராட்சி மன்றம். வரி கட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் ஒரு சேவையாக வைத்து அதை இங்கே மதிப்பிடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நிலத்தின் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) உங்கள் பெயரில் இருந்து, வடிகாலைப் பற்றியும் வரைபடத்தைப் பற்றியும் எழுதத் தெரிந்திருந்தால், இது உருப்படியான சேவை. வாடகைக்கு இருப்பவருக்கும் லயத்தில் இருப்பவருக்கும் கோயில் கமிட்டிக்கும் இதில் நேரான வாசல் கிடையாது. வேலிக்கு மிக அருகில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இந்தக் குறை சின்னதல்ல.

பினாங்கில் இதை நடத்துவது 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172. அதன் 21(6) பிரிவுப்படி, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலம் எதற்கு என்று மண்டலம் பிரிக்கும் ஆவணம்) இல்லாத பகுதியில் விண்ணப்பம் வந்தால், அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் போக வேண்டும். அந்தக் கெடு முடிந்து 30 நாளுக்குள், விசாரணை கேட்டவர்களை மன்றம் நேரில் கேட்க வேண்டும். ‘கேட்டவர்களை’ என்பதைக் கவனியுங்கள். கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நேரில் விளக்க விரும்புகிறேன் என்ற வரி அதில் இல்லையென்றால் உங்களைக் கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வரியை மலாயில், தனிப் பத்தியாக, கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள்.

‘அண்டை நிலம்’ யார் நிலம் என்பதற்கும் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. ஒட்டியிருக்கும் நிலம் ஒன்று. நடுவில் சாலை, சந்து, வடிகால் அல்லது ரிசர்வ் நிலம் (பொதுத் தேவைக்கு ஒதுக்கிய நிலம்) இருந்தாலும் அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டாமல் இருந்தால், எதிர்ப்பக்க நிலமும் சேரும். இரு தரப்பும் பயன்படுத்தும் முட்டுச்சந்துதான் திட்டத்துக்கு வழி என்றால், எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் நிலமும் சேரும்.

இந்த 20 மீட்டரில்தான் பலர் வெளியே போய் விழுகிறார்கள். பழைய சாலை ரிசர்வுகள் சங்கிலி அளவில் போடப்பட்டவை. ஒரு சங்கிலி 66 அடி; மீட்டரில் 20.12. சட்டத்தின் எல்லையை அது 12 சென்டிமீட்டர் தாண்டுகிறது! தார் ரோட்டின் அகலத்தை டேப் வைத்து அளந்து ‘8 மீட்டர்தான்’ என்று வாதாடிப் பயனில்லை. கணக்கில் வருவது ரிசர்வின் அகலம். நில அளவைத் துறையான ஜூப்பெமிடம் உங்கள் லாட்டின் (நிலத் துண்டின்) சான்றளித்த வரைபடத்தை வாங்கி, எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல்லுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெரிய மழைநீர்க் கால்வாய் நடுவில் இருந்தாலும் இதே சிக்கல் வரும்.

அடுத்த சிக்கல் பெயர். அறிவிப்பு உரிமையாளருக்குத்தான் போகும். அப்பா இறந்து பத்து வருடம் ஆகியும் கிராண்ட் அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் நம் மக்களிடம் எத்தனை! பெயர் மாற்றம் மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. 21 நாளில் அது முடியாது. பதிவில் உள்ள முகவரி பழையதாக இருந்தால் கடிதம் வேறு வாசலுக்குப் போகும். சோலார் பேச்சு காதில் விழுவதற்கு முன்பே நில அலுவலகத்திலும் மதிப்பீட்டு வரிப் பதிவிலும் முகவரியைச் சரிபார்ப்பது ஒரு காலை நேர வேலைதான்.

லயத்தின் நிலைமை இன்னும் மோசம். வீட்டு நிலமும் கோயில் நிலமும் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருக்கும். சோலாருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும் அதே நிறுவனமாக இருக்கலாம். அப்போது ‘அண்டை உரிமையாளர்’ என்று அறிவிப்பு பெறுபவரும் நிலம் கொடுப்பவரும் ஒருவரே. அவர் ஏன் ஆட்சேபிக்கப் போகிறார்? இதற்கு இரண்டு வழி உண்டு. ஒட்டியிருக்கும் தாமானில் கிராண்ட் வைத்திருப்பவர் ஒருவரைப் பிடித்து, அவருடைய ஆட்சேபத்தோடு லயத்து மக்களின் கையெழுத்திட்ட கடிதங்களை இணைப்பாகச் சேர்க்கலாம். விசாரணையில் வாய் திறக்கும் உரிமை அவருக்கு இருப்பதால் உங்கள் விஷயமும் பதிவில் ஏறும். இரண்டாவது, விவசாய நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவது தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவின் கீழ் மாநில அரசின் தனி முடிவு. நில அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அந்தக் கட்டத்திலேயே எழுதலாம். அங்கே அண்டை உரிமையாளர் என்ற கணக்கு குறுக்கே வராது.

இந்த அறிவிப்பு எல்லா இடத்திலும் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அரசிதழில் வந்த உள்ளூர்த் திட்டம் உள்ள பகுதியில் 21(6) பிரிவு வேலை செய்யாது. அங்கே மக்கள் பேச வேண்டிய நேரம், வரைவுத் திட்டத்தைக் காட்சிக்கு வைக்கும் வாரங்கள். ஆகவே கவுன்டரில் முதல் கேள்வி: ‘இந்த லாட்டுக்கு உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்டதா, இதன் மண்டலம் என்ன?’ கோலாலம்பூரில் சட்டமே வேறு: 1982-ஆம் ஆண்டின் சட்டம் 267. பினாங்குக் கடிதத்தை நகலெடுத்து அங்கே கொடுக்காதீர்கள். ஆனால் 2023 ஏப்ரலில் அங்கே தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் வரவிருந்த அடுக்குமாடித் திட்டம் பற்றிய வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், எதிர்த்த குடியிருப்பாளர்கள் பக்கம் தீர்ப்பளித்து, மேம்பாட்டு உத்தரவு ரத்தானதை உறுதி செய்தது. குடியிருப்பாளர்கள் ஒழுங்காக ஆவணம் வைத்துப் போராடினால் கடைசிப் படி வரை போக முடியும் என்பதற்கு அது போதும்.

இனி கடிதத்துக்குள் என்ன எழுதுவது. பெரும்பாலான ஆட்சேபங்கள் இங்கேதான் வீணாகின்றன. ‘கதிர்வீச்சு வரும், புற்றுநோய் வரும்’ என்று ஆரம்பித்தால் எதிர்த்தரப்பு ஆலோசகருக்கு அன்று வேலை சுலபம். வெப்பம் பற்றி எழுதுபவர்கள், 2016-இல் வந்த அரிசோனா ஆய்வை எடுத்துக் காட்டுவார்கள். பண்ணையில் இரவு வெப்பம் 3 முதல் 4 டிகிரி கூடியதாக அது சொன்னது உண்மை. ஆனால் ஒப்பிட்டது பாலைவனத்தோடு. பினாங்கின் ஈரக் காற்றுக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது. வீட்டு விலை இறங்கும் என்ற வாதமும் தனியாக நிற்காது.

நிற்பது தண்ணீர். 1 ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 கன மீட்டர். 40 ஹெக்டேர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 கன மீட்டர். பேனலுக்கு அடியில் புல் நிலைத்துவிட்டால் ஓடும் நீர் பெரிதாகக் கூடாது. மரத்தை வெட்டி, புல்டோசர் ஓட்டி, மண்ணை இறுக்கிவிட்டு, புல் பிடிக்காமலே பேனலை மாட்டினால்தான் ஆபத்து. பேனலின் கீழ் விளிம்பிலிருந்து நீர் ஒரே கோட்டில் கொட்டும். அங்கே மண் அரித்து, சேறாக ஓடி, தாமான் வடிகாலை அடைக்கும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி வெள்ளம் கொண்டுவந்த மழையைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடிதத்தில் கேட்க வேண்டியவை: வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மஸ்மா என்ற நகர மழைநீர் மேலாண்மைக் கையேட்டின்படி கணக்கிட்ட நீரோட்ட அறிக்கை எங்கே, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிவமைத்தார்கள், சுற்று வடிகால் எந்த இடத்தில் வெளியே விடுகிறது, அந்த வெளி வடிகால் அதைத் தாங்குமா. சேறு படிய விடும் வண்டல் குளம் வெட்டிய பிறகே நிலத்தைத் திறக்க வேண்டும், அதையும் பகுதி பகுதியாகத்தான் திறக்க வேண்டும், திறந்த பகுதியில் புல் பிடித்த பிறகே அடுத்தது என்று நிபந்தனையாகவே எழுதிக் கேளுங்கள். கறுப்புத் துணி வேலி மட்டும் போட்டால் பெருமழைக்கு நிற்காது.

அடுத்து சத்தம். தள வரைபடத்தில் பேனல் வரிசையைப் பார்க்காதீர்கள். சின்னச் சதுரங்களாக இருக்கும் இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர் இடங்களைத் தேடுங்கள். இன்வெர்ட்டர் விசிறி பகலில் ஓடும், இரவில் அடங்கும். டிரான்ஸ்ஃபார்மர் இரவும் மின்னழுத்தத்தில் இருப்பதால் 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். பேட்டரி கண்டெய்னர் இருந்தால் குளிரூட்டும் விசிறி மாலையிலும் இரவிலும் ஓடும். ஆகவே ‘பேட்டரி இப்போது உண்டா, பின்னால் சேர்ப்பீர்களா’ என்பதை எழுத்தில் கேளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது சத்தம் 6 டெசிபெல் குறையும்: 10 மீட்டரில் 65 என்றால் 20-இல் 59, 40-இல் 53, 80-இல் 47. சதுரங்களை வீட்டுப் பக்க வேலியிலிருந்து பண்ணையின் நடுவுக்குத் தள்ளினால் போதும், பாதி வழக்கு தீர்ந்துவிடும். கேபிள் செலவு கொஞ்சம் கூடும் என்பார்கள்; கூடட்டும்.

கண் கூச்சம் மாடி வீட்டுக்காரர்களின் விஷயம். தரைத்தள வீட்டுக்கு வேலியும் மரமும் மறைத்துவிடும். சூரியன் உச்சியில் இருக்கும்போது பேனல் கண்ணாடி சில சதவீதமே பிரதிபலிக்கும்; அடிவானத்தில் இருக்கும்போது பிரதிபலிப்பு பல மடங்கு ஏறும். கிடையாகக் கிடக்கும் பேனலில் சூரியன் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் ஒளி மேலே போகும். 5 டிகிரியில் விழுந்தால் 200 மீட்டர் தள்ளி 17.5 மீட்டர் உயரத்தில், அதாவது ஆறாம் மாடியளவில் இருக்கும். 10 டிகிரியில் 35 மீட்டர். நம் அட்சரேகையில் சூரியன் 5 டிகிரி ஏற ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். கிழக்கே பண்ணை இருக்கும் ஃபிளாட்டுக்குக் காலையில், மேற்கே இருந்தால் மாலையில் பாதிப்பு. அதே திசையில் சூரியனும் கண்ணில் அடிக்குமே என்று ஆலோசகர் சொல்வார், அதுவும் சரிதான். ஆகவே எதிர்ப்பாக எழுதுவதைவிட, குறிப்பிட்ட மாடிகளுக்கு ஒளிப் பிரதிபலிப்பு ஆய்வு கேளுங்கள். பேனலை கிழக்கு மேற்காகச் சாய்த்தால் 10 டிகிரி சாய்வு ஒளியை 20 டிகிரி திருப்பிவிடும் என்பதால், சாய்வையும் வரைபடத்தில் போடச் சொல்லுங்கள்.

திட்டத்தையே நிராகரி என்று ஒற்றை வரியில் கேட்பதைவிட, முதல் கோரிக்கை நிராகரிப்பு, இல்லையென்றால் இன்னின்ன நிபந்தனைகள் என்று எண் போட்டு எழுதிய கடிதமே பயன் தரும். நிபந்தனை விதிக்கும் அதிகாரம் மன்றத்துக்கு இருக்கிறது. அதற்கான வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால் அது அப்படியே உத்தரவுக்குள் நுழைய வாய்ப்பு உண்டு. கடிதத்தில் லாட் எண், கிராண்ட் நகல், அறிவிப்பின் எண், கிடைத்த தேதி எல்லாம் இருக்கட்டும். கவுன்டரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரே வாசகத்தில் இருநூறு கையெழுத்துகளைவிட, வெவ்வேறு லாட்டிலிருந்து தன் தன் வடிகாலைப் பற்றி எழுதிய பத்துக் கடிதங்கள் கனமானவை.

மதிப்பெண் கேட்டால்: கால வரம்பும் விசாரணை உரிமையும் தெளிவாக இருப்பதற்கு நல்ல மதிப்பெண், 21 நாள் என்ற குறுகிய கெடுவுக்குக் குறைந்த மதிப்பெண். கிராண்ட் இல்லாதவருக்கு வாசல் இல்லாததால் மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரைக்கு மேல் போட மனம் வரவில்லை. சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்று இருக்கும் இடத்தில் ‘குடியிருப்பவர்’ என்பதையும் சேர்க்கும் வரை அது ஏறாது.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால், அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அண்டை வீட்டாரில் 21(6) பிரிவின் கீழ் ஏற்கெனவே ஆட்சேபம் கொடுத்தவருக்கு மட்டுமே அந்த உரிமை. இதற்கிடையில் புல்டோசர் வந்துவிட்டால் 1974-ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தில் (சட்டம் 133) 70A பிரிவைப் பாருங்கள்: அங்கீகரித்த வரைபடம் இல்லாமல் மண் வேலை தொடங்கக் கூடாது. தேதி தெரியும்படி படம் எடுத்து, லாட் எண்ணோடு அன்றைக்கே மன்றத்தின் பொறியியல் பிரிவில் புகார் கொடுத்து, அதன் நகலிலும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.