ஜிக் நிரல்மொழி: கொடையாளர் காசு எங்கே வேலை செய்கிறது

ஜிக்கின் வெளியீட்டுக் குறிப்புகளில் ஆதரவாளர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வரும். பலரும் அதைத் தாண்டிப் போய், இந்தப் பதிப்பில் தங்கள் பழைய நிரலில் என்னென்ன உடைந்திருக்கிறது என்றுதான் தேடுவார்கள். மொழியை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர்கள் அந்தப் பட்டியலில் கொஞ்சம் நிற்கலாம். 2018-இல் ஜிக்கை உருவாக்கிய ஆண்ட்ரூ கெல்லி வேலையை விட்டு, கொடையை மட்டுமே நம்பி முழுநேரமாக இதில் இறங்கினார். 2020-இல் லாப நோக்கற்ற அறக்கட்டளை அமைந்தது. 2025-இல் சினேடியா, டைகர்பீட்டில் என்ற இரு நிறுவனங்களும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு 5,12,000 டாலர் அறிவித்தது செய்தியானது. மாதம் 5 டாலர் போடுகிறவர் செய்தியாவதில்லை. ஆனால் அடுத்த மாதமும் சம்பளம் தரலாம் என்ற தைரியம் அந்தத் தொகையில்தான் இருக்கிறது.

ஜிக்கில் ஒரு வரிகூட எழுதாதவர்களுக்கும் பயன்படுவது 'ஜிக் சிசி', அதாவது ஜிக்கோடு வரும் சி கம்பைலர். புது உபுண்டுவில் தொகுத்த சி நிரல் சென்ட்ஓஎஸ் 7 போன்ற பழைய லினக்ஸில் பெரும்பாலும் ஓடாது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் பதிப்பு போதவில்லை என்று நின்றுவிடும். ஜிக் சிசியில் இலக்கின் பெயருக்குப் பின்னால் பழைய ஜிலிப்சி பதிப்பான 2.17-ஐச் சேர்த்தால் போதும், பழைய கணினிக்கான கோப்பு வந்துவிடும். டாக்கர் படிமம் வேண்டாம், தனி டூல்செயினும் வேண்டாம்.

இதில் புதியவர்கள் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு. வழக்கமான சி கம்பைலரான ஜிசிசியில் தொகுத்தபோது ஒழுங்காக ஓடிய பழைய சி நிரல், ஜிக் சிசியில் தொகுத்ததும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழும். கம்பைலர் பழுது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மேம்படுத்தல் கொடி எதுவும் தராவிட்டால் ஜிக் அதை டீபக் முறையாக எடுத்துக்கொண்டு, யூபிசான் என்ற சானிட்டைசரை, அதாவது சி மொழி விதி மீறல்களை ஓடும்போதே பிடிக்கும் சோதனையை, தானே இயக்கிவிடும். குறியுள்ள முழு எண் வழிவது, சீரமையாத முகவரியில் படிப்பது போன்றவை அங்கே பிடிபடும். ஜிக் 0.14 பதிப்பு முதல் காரணத்தைச் சொல்லும் செய்தியும் வருகிறது. சானிட்டைசரை அணைக்கக் கொடி இருக்கிறது, ஆனால் அணைக்கும் முன் அந்த வரியைப் பாருங்கள். பெரும்பாலும் உண்மையான பிழைதான்.

0.15-இல் லினக்ஸ், மேக் இரண்டிலும் எக்ஸ்86 டீபக் தொகுப்புக்கு எல்எல்விஎம் என்ற வெளிக் கருவித்தொகுப்பு இல்லாமல், இயந்திரக் குறியீட்டை உருவாக்கும் ஜிக்கின் சொந்தப் பின்முனையே இயல்புநிலை. தொகுப்பு ஏறத்தாழ 5 மடங்கு வேகம் என்று வெளியீட்டுக் குறிப்பு சொல்கிறது. விண்டோஸ்காரர்கள் அந்தப் பதிப்பில் காத்திருக்க வேண்டியிருந்தது. இதுபோன்ற வேலை ஓய்வுநேரத் தன்னார்வலர்களால் முடிகிற வேலையல்ல. சம்பளம் வாங்கி உட்கார்ந்து செய்தால்தான் நடக்கும்.

அதே 0.15 நிறையப் பேரின் நிரலையும் உடைத்தது. வெளியீட்டை எழுதும் புதிய ரைட்டருக்கு பஃபரை (தற்காலிகச் சேமிப்பிடத்தை) நாமே தர வேண்டும். கடைசியில் ஃப்ளஷ் செய்து பஃபரில் இருப்பதை வெளியே தள்ளாவிட்டால் பிழையும் வராது, வெளியீடும் வராது. வளரும் பட்டியலான அர்ரேலிஸ்ட் இனி நினைவகம் ஒதுக்கும் அலோகேட்டரை வைத்துக்கொள்வதில்லை, நினைவகம் தேவைப்படும் ஒவ்வோர் அழைப்பிலும் கொடுக்க வேண்டும். 1.0 வரும்வரை இந்த உடைப்பு நிற்காது. குறைந்தபட்சப் பதிப்பு என்று தொகுப்புக் கோப்பில் எழுதுவதை மட்டும் நம்ப வேண்டாம், அது வெறும் அறிவிப்பு. குழுவில் எல்லோருக்கும் ஒரே கம்பைலர் பதிப்பை உறுதிசெய்யுங்கள். தொகுப்பின் இடைக்கோப்புகள் சேரும் கேஷ் அடைவு தானாகச் சுருங்காது. வட்டு நிறைந்தால் அப்படியே அழித்துவிடலாம், எதுவும் கெடாது.

கொடை தருபவர்களுக்கு: 2025 நவம்பரில் திட்டத்தின் மூலநிரல் கிட்ஹப் தளத்திலிருந்து கோட்பெர்க் தளத்துக்கு மாறியபோது, மாதக் கொடையை கிட்ஹப் ஸ்பான்சர்ஸிலிருந்து எவ்ரி.ஆர்க் என்ற கொடைத் தளத்துக்கு மாற்றும்படி அறக்கட்டளை கேட்டுக்கொண்டது. முதலில் புதியதைத் தொடங்கி, பணம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தபின் பழையதை நிறுத்துங்கள். இந்திய அட்டைகளில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதிகளால் வெளிநாட்டு மாதக் கட்டணங்கள் மறுக்கப்படுவதுண்டு. அப்படியானால் ஒரே தடவையாக ஓராண்டுத் தொகையைப் போடலாம். அமெரிக்க அமைப்பு என்பதால் இந்திய வருமான வரியில் 80ஜி விலக்கு கிடைக்காது.