முலைக்காம்பில் துளை: தங்கமா டைட்டானியமா, வளையமா நேர்கம்பியா?

நகைக்கடையில் தருகிற ரோஸ் நிறத் தாளில் மடித்திருந்த சின்ன வளையம் ஒன்றை எடுத்து அந்தப் பெண் என் மேசையில் வைத்தார். 22 காரட். அவர்கள் வீட்டு ஆசாரி செய்தது. எதற்கு என்று ஆசாரியிடம் சொல்லியிருக்க மாட்டார். மேல்காதுக்கு என்று நினைத்துத்தான் அவரும் செய்திருப்பார். "இதையே போட்டு விட்டுடுங்கக்கா." வேலை சுத்தமாக இருந்தது. ஆனாலும் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். அன்று அவசரத்தில் பாதிதான் சொன்னேன்.

முலைக்காம்பில் துளை போட வருகிறவர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. பாதி விஷயத்தை ரீல்ஸில் பார்த்திருப்பார்கள், மீதியைக் காது குத்திய அனுபவத்தில் இருந்து ஊகித்திருப்பார்கள். காதுமடல் ஆறேழு வாரத்தில் தேறிவிடும். முலைக்காம்பு உள்வரை ஆற ஒன்பது மாதம் ஆகும், பலருக்கு ஒரு வருடமே பிடிக்கும். ஊசி உள்ளே போய் வெளியே வர சில நொடிதான். அந்தச் சில நொடியில் எதை உள்ளே விட்டுவைக்கிறோமோ, அதோடுதான் அந்த ஒரு வருடத்தையும் ஓட்ட வேண்டும். (பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு நான் இதைச் செய்வதில்லை. அடையாள அட்டை பார்த்த பிறகுதான் பேச்சே.)

தங்கம், ஸ்டீல், டைட்டானியம்

22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். தங்கம் உடம்புக்கு ஆகாத பொருள் ஒன்றும் இல்லை. தொல்லை அதன் மென்மையில் இருக்கிறது. துணிக்குள்ளே நாள் முழுக்க உரசிக்கொண்டிருக்கிற இடத்தில் மிருதுவான கம்பி சீக்கிரம் கீறல் விழும். அந்தக் கீறலில் பொருக்கும் அழுக்கும் தங்கும். அடுத்தது பற்று. கேடிஎம் என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தப் பெயரே காட்மியம் கலந்து பற்றவைத்ததில் இருந்து வந்ததுதான். காட்மியம் நஞ்சு. வளையத்தின் இணைப்பை எதை வைத்துப் பற்றவைத்தார்கள் என்று தெரியாத நகையைப் பச்சைப் புண்ணுக்குள் மாதக்கணக்கில் விட்டுவைக்க எனக்கு மனம் வராது. நிக்கலும் காட்மியமும் சேராத 14 அல்லது 18 காரட்டில், உடம்புத் துளைக்கென்றே பளபளப்பாகத் தேய்த்துச் செய்த நகை என்றால் தாராளமாகப் போடலாம். விலைதான் கையைக் கடிக்கும்.

'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்பது கடைக்காரர் வாயில் வருகிற பெயர். அது எந்தத் தரத்தையும் உறுதி செய்யாது. வழக்கமாக அந்தப் பெயரில் விற்கும் 316எல் ஸ்டீலில் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் இருக்கும். அந்த நிக்கல் உலோகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடப்பதால் பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்வதில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் துளை ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் நான் கேட்கும் கேள்வி இது: கவரிங் தோடு போட்டால் காது அரிக்குமா? ஜீன்ஸ் பித்தான் படும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே தடிக்குமா? ஆமாம் என்றால் ஸ்டீல் பேச்சை அங்கேயே விட்டுவிடுவேன். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே இதற்கென்று விதி கொண்டுவந்தது. துளைக்குள் செருகும் நகையில் இருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்பது இப்போதைய வரம்பு.

டைட்டானியத்தில் ஏஎஸ்டிஎம் எஃப்136 என்று ஒரு தரம் உண்டு. உடம்புக்குள் பொருத்தும் மருத்துவக் கருவிகளுக்கு வகுத்தது. ஏறத்தாழ 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். ஸ்டீலின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் கனக்கும். காந்தம் இழுக்காது. ஊதாவும் நீலமுமாக வருவது சாயம் இல்லை. மின்சாரம் பாய்ச்சி மேல்படலத்தைத் தடிமனாக்கும்போது ஒளி செய்கிற வேலை, உரிந்து விழாது. புதுத் துளைக்கு என் தேர்வு இதுதான், இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆனால் 'டைட்டானியம்' என்று அட்டையில் அச்சடித்திருந்தால் போதாது. உலோகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் மில் சர்டிஃபிகேட்டைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற கடையில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வெள்ளி கறுக்கும், வேண்டாம். அக்ரிலிக்கும் வேண்டாம்.

அந்த 22 காரட் வளையம் கடைசியில் அந்தப் பெண்ணின் மேல்காதுக்கே போய்ச் சேர்ந்தது, துளை ஆறிய பிறகு. ஆசாரி நினைத்தது நடந்துவிட்டது.

வளையமா, நேர்கம்பியா

பார்க்க அழகு வளையம்தான், மறுக்க மாட்டேன். படங்களிலும் அதுதான் இருக்கும். அதற்குக் காரணமும் உண்டு. இன்றைய பியர்சிங் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜிம் வார்ட், 1975-ல் லாஸ் ஏஞ்சலஸில் கான்ட்லெட் என்ற பெயரில் தொழிலைத் தொடங்கியபோது, இந்தத் துளைக்கு வளையம்தான் முதல் நகை. நடுவில் ஓர் உருண்டை, அதை இரு முனையும் அழுத்திப் பிடித்திருக்கும். அவருக்குப் பண உதவி செய்த டக் மல்லாய் என்பவர் எழுதிய சிறு வெளியீட்டில் இருந்துதான், ரோமானியப் படைத்தலைவர்கள் மார்பு வளையத்தில் மேலங்கியை மாட்டிக்கொண்டார்கள் என்ற கதை ஊரெல்லாம் பரவியது. ஆதாரம் எதுவும் இல்லை. மேலங்கியின் கனத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாலே போதும்.

இரு முனையிலும் குண்டு வைத்த நேர்கம்பி, அதாவது பார்பெல், ஜெர்மனிப் பக்கம் இருந்து வந்தது. அங்கே 'டாட்டூ சாமி' என்று பெயர் வாங்கிய ஹோர்ஸ்ட் ஸ்ட்ரெக்கன்பாக் கொண்டுவந்து காட்டிய கம்பிகளில் உள்மரை, அதாவது குண்டைத் திருகிப் பூட்டக் கம்பிக்கு உள்ளே வெட்டிய மரை, இருந்ததாக வார்டே சொல்லியிருக்கிறார். (பெயரில் சாமி இருந்தாலும் நம்மூர்ச் சாமி இல்லை.)

துளை நேரானது, வளையம் வளைந்தது. நேரான பாதைக்குள் வளைந்த கம்பியை விட்டால் இரண்டு வாயிலும் அது அழுத்திக்கொண்டே இருக்கும். நடந்தால் ஆடும், திரும்பிப் படுத்தால் சுழலும். சுழலும்போது வெளியே காய்ந்த பொருக்கைப் புண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஒரு காலத்தில் தினமும் சுழற்றி விடச் சொல்வார்கள், ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமாம். நம் வீடுகளில் காது குத்திய குழந்தைக்கும் அதையே செய்தோம். உள்ளே புதிதாக முளைக்கிற தோலைத் தினமும் கிழித்து விடுவதுதான் அது.

நேர்கம்பி இருந்த இடத்தில் இருக்கும், உடைக்கு அடியில் துருத்தாது. அதன் குறை, நீளத்தில் தப்பு செய்தால் விடாது என்பது. காம்பு தளர்ந்திருக்கும்போது ஓர் அளவு, குளிரில் விறைத்தால் வேறு அளவு, முதல் வாரம் வீங்கினால் இன்னோர் அளவு. கம்பி குட்டையாக இருந்தால் குண்டு தோலுக்குள் புதையத் தொடங்கும். நீளமாக இருந்தால் துண்டின் நூலில் மாட்டும். அதனால் முதலில் இருபுறமும் கொஞ்சம் இடம்விட்டுப் போட்டு, வீக்கம் வடிந்த பிறகு கூப்பிட்டுக் குட்டையானதாக மாற்றுகிறேன். இந்த இரண்டாவது வருகைக்கு வராமல் விடுகிறவர்களுக்குத்தான் பின்னால் சிக்கல். வளையம் ஆசை என்றால் ஒரு வருடம் பொறுத்துப் போட்டுக்கொள்ளலாம், ஓடிப்போகாது.

மரையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தோட்டுத் திருகாணியைப் போலக் கம்பியின் மேலேயே மரை வெட்டியிருந்தால், செருகும்போது அது துளையை அரம் மாதிரி ராவிக்கொண்டு போகும். மரை கம்பிக்கு உள்ளே இருக்க வேண்டும், அல்லது மரையே இல்லாத அழுத்துப்பூட்டு வகையாக இருக்க வேண்டும். விலை மலிந்த செட்டுகளில் பெரும்பாலும் வெளிமரைதான்.

எதனால் குத்துவது

துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. மழுங்கிய கம்பியை ஸ்பிரிங் வேகத்தில் சதைக்குள் அடிப்பது அது. பிளாஸ்டிக் உடலை ஆட்டோக்ளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவியில், வைக்க முடியாது. காதுமடலுக்கே நான் பரிந்துரைப்பதில்லை.

உண்மையான போட்டி, பியர்சிங் ஊசிக்கும் ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றும் கேனுலாவுக்கும்தான். கேனுலா மருந்துக்கடையிலேயே கிடைக்கும், மலிவு, ஒவ்வொன்றும் கிருமி நீக்கித் தனித்தனி உறையில் வரும். ஊசியை உருவியதும் பிளாஸ்டிக் குழல் துளையிலேயே நிற்கும். அதற்குள் நகையை நுழைத்து இழுத்துவிடலாம். கெட்டிக்காரக் கை என்றால் நன்றாகவே வரும். பலர் சறுக்குவது எண்ணில். கேஜ் என்பது தடிமனைக் குறிக்கும் எண். நகையில் 14 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர். கேனுலாவில் 14 என்றால் சுமார் 2.1 மில்லிமீட்டர். எண் ஒன்று, அளவுகோல் இரண்டு. 14-க்கு 14 என்று எடுத்துக் குத்தினால் நகை துளைக்குள் லொடலொடவென்று ஆடும். பியர்சிங் ஊசி நகையின் அளவுக்கே வருவதால் கம்பி ஊசியின் பின்னாலேயே இடைவெளி இல்லாமல் போய் உட்காரும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

1.6-க்குக் குறைந்த கம்பியைக் கேட்பவர்களுக்குச் சொல்வது: அவித்த முட்டையை நூல் வைத்து அறுத்திருக்கிறீர்களா? மெல்லிய கம்பி இந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அதைத்தான் செய்யும்.

புள்ளி வைப்பதை நின்ற நிலையில் செய்ய வேண்டும். படுக்க வைத்துக் குறித்தால், எழுந்ததும் மார்பு இறங்கிக் கோடு சாய்ந்துவிடும். காம்பு கருவட்டத்தோடு சேரும் அடிப்பகுதிதான் சரியான இடம். அதற்கு மேலே, நுனிப் பக்கம் போட்டால் உடம்பு கம்பியை மெல்ல வெளியே தள்ளிவிடும். ஆண்களுக்குக் காம்பு சின்னது என்பதால் ஒரு நூல் பின்னால் போக வேண்டியிருக்கும். குறித்ததைக் கண்ணாடியில் அவர்களே பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் படுக்கச் சொல்வேன். கிடுக்கியால் பிடித்துக் குத்துவதும் வெறும் விரலால் தாங்கிக் குத்துவதும் அவரவர் பழக்கம். கிடுக்கி கோணத்தைக் காப்பாற்றும், ஆனால் ஊசியைவிட அதன் நசுக்கல்தான் வலித்தது என்று சொன்னவர்கள் உண்டு. மரத்துப்போகும் களிம்பு தோலை வெளிற வைத்து இறுக்கிவிடுகிறது, குறித்த புள்ளி நகர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. நான் தவிர்க்கிறேன்.

இரண்டையும் ஒரே நாளில் போடுவதா? தூங்கும்போது ஒரு பக்கமாவது சாய்ந்து படுக்க வேண்டும் என்றால் ஒன்றொன்றாகப் போடுங்கள். ஆனால் முதலாவதின் வலியை அறிந்தபின் இரண்டாவதுக்குத் திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள், சொல்லிவிட்டேன்.

உப்புநீரும் மஞ்சளும்

காது குத்தினால் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்த ஊர் நம்முடையது. வேப்பங்குச்சி செருகிய காதுகள் ஆறியும் இருக்கின்றன. ஆனால் இந்தத் துளை ஒரு குழாய், அதுவும் துணிக்குள் மூடிக்கிடக்கும் குழாய். மஞ்சள்தூள் உள்ளே போய்க் குழைந்து உட்காரும். எண்ணெய், சென்னைப் புழுக்கத்தில் வியர்வையோடு சேர்ந்து வாயை அடைக்கும். டெட்டாலும் ஸ்பிரிட்டும் கிருமியோடு சேர்த்துப் புதுத்தோலையும் பொசுக்கும்.

வேண்டியது 0.9 சதவீத உப்புநீர் மட்டும். லிட்டருக்கு 9 கிராம். வீட்டில் ஸ்பூனால் அள்ளிப் போடுகிறவர்கள் கடல்நீரையே தயாரித்துவிடுகிறார்கள், புண் காய்ந்து வெடிக்கிறது. மருந்துக்கடையில் சின்ன அளவில் கிருமி நீக்கிய சலைன் வாங்கிக்கொள்ளுங்கள். திறந்து பல நாளான பாட்டில் வேண்டாம். காலை மாலை நனைத்து, இளகிய பொருக்கைத் தானாக விழவிட்டு, டிஷ்யூ தாளால் ஒற்றி உலர்த்துங்கள். சுழற்றாதீர்கள், கையை வைக்காதீர்கள், ஆறும் வரை பிறர் வாயும் படக்கூடாது. பெண்களுக்குப் பிடிப்பான பருத்தி உள்ளாடை இரவிலும் நல்லது. ஆண்கள் பைக்கில் குறுக்கே மாட்டும் பையின் பட்டையைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ கசிந்து காய்ந்தால் அது நிணநீர், பயப்பட வேண்டாம். மூன்றாம் மாதம் எல்லாம் ஆறிவிட்டதாகத் தோன்றும், அதை நம்பி நகையை மாற்றாதீர்கள். சூடு, பரவும் சிவப்பு, கெட்டிச் சீழ், உள்ளே கல் மாதிரி கட்டி, காய்ச்சல் என்றால் என்னிடம் வர வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். நகையை நீங்களாகக் கழற்றாதீர்கள். வாய் மூடிச் சீழ் உள்ளே அடைபடலாம். துளை போட்டு மாதங்கள் கழித்தும் மார்பில் தொற்று வரலாம். காசநோய்க் கிருமியின் உறவான சில மைக்கோபாக்டீரியங்களும் இதில் பிடிபட்டிருக்கின்றன, அவை வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காமல் இழுத்தடிக்கும். கூச்சப்பட்டுத் துளை விஷயத்தை மறைத்தால் மருத்துவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் நான் போடுவதில்லை. பால் நிறுத்தியும் சில மாதம் கழிய வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய வால்வுக் கோளாறு உள்ளவர்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வர வேண்டும். ஏற்கெனவே துளை உள்ளவர்கள் பெரும்பாலும் பிரச்சினை இல்லாமல் பால் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நகையைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கழன்ற குண்டு குழந்தையின் தொண்டையில் சிக்கும். துளை வழியாகவும் கொஞ்சம் பால் கசியலாம், ஒரு துணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.