லேண்ட்சாட்டா, சென்டினல்-2வா? புவியியல் மாணவர் ப்ராஜெக்டுக்கு எந்தப் படம்

தொலையுணர்வில் (செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராய்வது) ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் பலர், ஒரு பிக்சலின் பக்க அளவு 10 மீட்டர் என்ற எண்ணைப் பார்த்ததும் சென்டினல்-2 பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2, அமெரிக்காவின் லேண்ட்சாட் ஆகிய செயற்கைக்கோள்களின் படங்கள் இரண்டுமே இலவசம்தான். ஆனால் ஆய்வுக் கேள்வி என்ன என்பதைப் பார்த்துத்தான் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் காலம். சென்டினல்-2 வரிசையில் முதலாவதான 2ஏ விண்ணுக்குப் போனது 2015 ஜூனில். அதற்கு முந்தைய படம் அதில் கிடையாது. லேண்ட்சாட் வரிசை 1972இல் தொடங்கியது. 30 மீட்டர் படங்கள் 1982இலிருந்தே உண்டு. ஆகவே முப்பது ஆண்டு நகர வளர்ச்சி, ஏரி சுருங்கியது, கடற்கரை அரிப்பு என்றால் லேண்ட்சாட்தான், வேறு வழியே இல்லை. லேண்ட்சாட் 7இன் படங்களில் மட்டும் கவனம்: 2003 மே 31 அன்று அதன் ஸ்கேன் லைன் கரெக்டர் (படக் கோடுகளை நேராக்கும் கருவி) பழுதானதால், பிறகு வந்த படங்களில் சுமார் 22 விழுக்காடு பரப்பு கோடுகோடாக விடுபட்டிருக்கும்.

வெப்பநிலைக்கும் இதே பதில்தான். சென்டினல்-2இன் 13 பேண்டுகளில் (தனித்தனி அலைநீளப் பட்டைகள்) ஒன்றுகூட வெப்ப பேண்ட் இல்லை. நகர வெப்பத்தீவு (சுற்றுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பது) பற்றி எழுதுபவர் லேண்ட்சாட் 8 அல்லது 9 எடுக்கலாம். அந்த வெப்ப பேண்ட் 30 மீட்டர் கட்டத்தில் கைக்கு வந்தாலும் பதிவானது 100 மீட்டரில்தான். அறிக்கையில் அதைச் சொல்லுங்கள்; ஒரு தெரு அளவுக்கு முடிவு சொல்லாதீர்கள்.

சிறு வயல், ஓடை, பயிர் வளர்ச்சி என்றால் சென்டினல்-2 தெளிவாக முந்துகிறது. லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 900 சதுர மீட்டர். அதே இடத்தில் சென்டினலுக்கு ஒன்பது பிக்சல். இரண்டு சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் எடுப்பதால் (லேண்ட்சாட் 8, 9 சேர்ந்து எட்டு நாள்) மழைக்காலத்திலும் மேகமில்லாத ஒரு படம் சிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் 10 மீட்டர் என்பது 2, 3, 4, 8 ஆகிய நான்கு பேண்டுகளுக்கு மட்டுமே. கட்டடப் பரப்புக் குறியீட்டுக்குத் தேவையான குறுஅலை அகச்சிவப்பு (பேண்ட் 11) 20 மீட்டர்தான்.

அதிகம் பேர் சறுக்குவது என்டிவிஐ (சிவப்பு, அண்மை அகச்சிவப்பு பேண்டுகளிலிருந்து பசுமையை அளக்கும் குறியீடு) கணக்கில். இறக்கிய லெவல்-2 (வளிமண்டலத் தாக்கம் நீக்கிய) கோப்பின் எண்களை அப்படியே சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2 என்ற படத் தொகுப்பில் எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழித்தால்தான் பிரதிபலிப்பு கிடைக்கும். சிவப்பு 0.05, அண்மை அகச்சிவப்பு 0.40 உள்ள செழிப்பான வயலின் உண்மையான என்டிவிஐ 0.78. மாற்றாத எண்களில் அதே வயல் 0.41 காட்டும். பசுமை பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும்!

சென்டினலில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 2022 ஜனவரி 25 முதல் செயலாக்கிய படங்களில் ஒவ்வொரு எண்ணுடனும் 1000 கூடியிருக்கிறது. அதைக் கழித்துவிட்டு 10000ஆல் வகுக்க வேண்டும். கழிக்காவிட்டால் மேலே சொன்ன வயல் 2021இல் 0.78, 2023இல் 0.54 என்று வரும். வறட்சி என்று பக்கம் பக்கமாக எழுதிய பிறகு இது தெரியவந்தால் ப்ராஜெக்டே போயிற்று. கூகுளின் எர்த் என்ஜின் தளத்தில் வேலை செய்பவர்கள் 'ஹார்மோனைஸ்டு' என்று பெயரிட்ட தொகுப்பை எடுத்தால் இந்தச் சரிசெய்தல் முன்பே முடிந்திருக்கும்.

பேண்ட் எண்களையும் சரிபாருங்கள். அண்மை அகச்சிவப்பு லேண்ட்சாட் 5இல் பேண்ட் 4, லேண்ட்சாட் 8இல் பேண்ட் 5, சென்டினலில் பேண்ட் 8.

1990க்கு லேண்ட்சாட், இன்றைக்குச் சென்டினல் என்று கலந்து நிலப்பயன்பாட்டு மாற்றம் காட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. முப்பது மீட்டரில் கலந்து மறைந்திருந்த பழைய சாலை பத்து மீட்டரில் தனியே தெரியும். வரைபடம் அதைப் புதிய சாலை என்று காட்டும். இரண்டு ஆண்டுக்கும் லேண்ட்சாட்டையே எடுங்கள், இரண்டும் ஒரே பருவத்துப் படங்களாக இருக்கட்டும். கலந்தே தீர வேண்டுமென்றால், வகைப்படுத்துவதற்கு முன்பே சென்டினல் படத்தைச் சராசரி முறையில் 30 மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.