கின்னஸ் குழாயா, கிராஃப்ட் குழாயா: அயர்லாந்தில் எங்கே உட்கார்ந்து குடிப்பது?

அயர்லாந்தில் எந்தப் பப்புக்குள் நுழைந்தாலும், பக்கத்து மேசைகளில் என்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கவுன்ட்டருக்குப் போவேன். எல்லார் முன்னாலும் கறுப்பு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகமான கின்னஸ், நின்றால் எனக்கும் கறுப்புதான். ஆளுக்கொரு நிறத்தில் கோப்பை வைத்திருந்தால் சுவரில் இருக்கும் கரும்பலகையைப் படிக்கத் தொடங்குவேன்.

இந்தப் பழக்கம் ஒரு ஏமாற்றத்தில் வந்தது. மேற்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். வெளியே விடாத மழை. பப்பில் பத்துக் குழாய்கள். ஒன்பதில் பெரிய கம்பெனிகளின் பெயர், ஓரத்தில் இருந்த பத்தாவதில் பக்கத்து மாவட்டத்துச் சிறு பீர் ஆலையின் பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர். உள்ளூர் ஆலையை ஆதரிப்போம் என்று ஆசையாக அதைக் கேட்டேன். கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனதும் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் கொட்டினார். பீப்பாய் திறந்து மூன்று வாரம் ஆகிறது, யாரும் கேட்பதில்லை என்றார். பதிலுக்கு ஒரு ஸ்டவுட், கின்னஸ் வகைக் கறுப்பு பீர், ஊற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. அந்த ஸ்டவுட்டைப் போல இன்னொன்றை நான் அதிகம் குடித்ததில்லை.

பேல் ஏலைக் காய்ச்சியவர் மேல் தப்பில்லை. அதே பீரை அவர்களுடைய ஆலையிலேயே குடித்திருக்கிறேன், அருமையாக இருக்கும். அன்றிலிருந்து, பழைய பப்பா, சிறு ஆலைகளின் பீரை ஊற்றும் கிராஃப்ட் பப்பா, ஆலையை ஒட்டிய குடிகூடமா என்று யாராவது கேட்டால் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: அந்த இடத்தில் பீப்பாய் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது?

இதற்குக் காரணம் பீரின் உள்ளேயே இருக்கிறது. கின்னஸ் போன்ற ஸ்டவுட்டின் உயிர் வறுத்த வாற்கோதுமையில் இருக்கிறது. பீப்பாயில் வருவது சூடுகாட்டிப் பதப்படுத்தியது, எளிதில் கெடாது. கிராஃப்ட் பேல் ஏலின் உயிர் ஹாப்ஸ் என்ற பூவின் வாசத்தில் இருக்கிறது. அது அரைத்த காப்பிப் பொடியின் வாசம் மாதிரி. அன்றைக்கு இருப்பது அடுத்த வாரம் இருக்காது. பெரும்பாலும் வடிகட்டாமல், சூடுகாட்டாமல் வருவதால் பாதுகாப்பும் குறைவு. ஆகவே கூட்டம் நிறைய வந்து வேகமாகக் குடித்தால் கிராஃப்ட் பீர் பிழைக்கும், இல்லையென்றால் குழாயிலேயே செத்துப்போகும்.

முதலில் பழைய பப்பைப் பார்ப்போம். அங்கே ஸ்டவுட் ஊற்றுவதே ஒரு காட்சி. கோப்பையை 45 டிகிரி சாய்த்து முக்கால் பங்கு நிரப்பி, அப்படியே வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். கண்ணாடிக்குள் பழுப்பு அலை மேலிருந்து கீழே வழிவது போலத் தெரியும். அடியிலிருந்து கறுப்பு மெல்ல ஏறும். முழுதும் தெளிந்த பிறகுதான் மீதியை நிரப்புவார்கள். மொத்தம் 119.5 விநாடி என்பது கின்னஸ் கம்பெனி சொல்லும் கணக்கு. ஆலை தொடங்கியது 1759இல். இந்த நுரைக்குக் காரணமான நைட்ரஜன் முறை வந்ததோ சரியாக 200 ஆண்டு கழித்து, 1959இல். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஊற்றினால் சுற்றி இருப்பவர்கள் முகம் சுளிப்பதைப் பார்க்கலாம்.

இந்த இடங்களில் கின்னஸ் நன்றாக இருப்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. சனிக்கிழமை இரவில் பீப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின்றன. அதோடு, குழாய், குளிரூட்டி, பாதாள அறையிலிருந்து வரும் பைப் எல்லாவற்றையும் பொருத்திக் கவனித்துக்கொள்வது பெரும்பாலும் பெரிய கம்பெனிதான். பப் முதலாளிக்கு அது ஒரு தலைவலி குறைந்த மாதிரி. ஆனால் புதிதாக வரும் சின்ன ஆலைக்கு அங்கேதான் கதவு அடைபடுகிறது. இங்கிலாந்தைப் போலப் பப்பையே ஆலை சொந்தமாக வைத்துக்கொண்டு தன் பீரை மட்டும் விற்கவைக்கும் வழக்கம் அயர்லாந்தில் வேரூன்றவில்லை. பப் பெரும்பாலும் ஒரு குடும்பத்துச் சொத்து. சட்டப்படி யாருடைய பீரையும் விற்கலாம். ஆனால் கவுன்ட்டரில் குழாய்க்கு இடம் கிடைக்க வேண்டுமே! கின்னஸையும் ஸ்மித்திக்ஸையும் கையில் வைத்திருக்கும் டியாஜியோ ஒரு பக்கம். கார்க் நகரத்து மர்ஃபிஸையும் பீமிஷையும் வாங்கிவிட்ட ஹைனெக்கன் மறுபக்கம். 1792இல் தொடங்கிய பீமிஷ் ஆலை 2009இல் மூடப்பட்டு, அந்தப் பீர் போட்டியாளராக இருந்த மர்ஃபிஸ் ஆலைக்கே குடிபோனது. கார்க் நகரத்துக்காரர்களிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இன்றும் குரல் மாறும்.

இந்தச் சுவரை அசைத்தவர்கள் 1990களின் ஆட்கள். 1996இல் டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் போர்ட்டர்ஹவுஸ் திறந்தபோது அவர்கள் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. கின்னஸ் ஆலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கின்னஸே விற்காத ஒரு பப். பதிலாகச் சொந்தமாகக் காய்ச்சிய மூன்று ஸ்டவுட்கள். அவற்றில் பிளெய்ன் என்ற போர்ட்டர் (ஸ்டவுட்டுக்கு நெருங்கிய உறவான கறுப்பு பீர்) 1998இல் உலகப் போட்டியில் தங்கம் வாங்கியது. அதே 1996இல் கார்லோவில் ஓஹாரா சகோதரர்கள் கம்பெனி தொடங்கினார்கள். 1998இல் கார்க்கில், ஒரு காலத்தில் பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம் இருந்த இடத்தில், ஃபிரான்சிஸ்கன் வெல் வந்தது. அதைப் பின்னால் 2013இல் மோல்சன் கூர்ஸ் என்ற பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. 2005இலிருந்து சிறு ஆலைகளுக்கு எக்சைஸ் வரியில் பாதி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. 2012 வாக்கில் பதினைந்து அளவில் இருந்த சிறு ஆலைகள் 2018க்குள் எழுபதைத் தாண்டின.

பீரைக் காய்ச்சியாயிற்று, ஊற்ற இடம் வேண்டும். கிராஃப்ட் பப் என்ற வகை அந்தத் தேவையில் பிறந்தது. கால்வே பே ஆலையின் வழிதான் இதில் சாமர்த்தியமானது. 2009இல் சால்ட்ஹில் கடற்கரையில் தங்கள் பப்புக்குள்ளேயே காய்ச்சத் தொடங்கியவர்கள், பிறகு கால்வேயிலும் டப்ளினிலும் வரிசையாகப் பப்களைத் திறந்தார்கள். குழாய் அவர்களுடையது, எதை ஊற்றுவது என்பதும் அவர்கள் முடிவு. தங்கள் பீரோடு போட்டி ஆலைகளின் பீரையும் ஊற்றினார்கள். அந்த மனசு எனக்குப் பிடிக்கும். அவர்களுடைய 8.5 சதவீத ஆல்கஹால் உள்ள, ஹாப்ஸ் தூக்கலான டபுள் ஐபிஏ, ஆஃப் ஃபோம் அண்ட் ஃப்யூரி, 2013இல் வந்தபோது ஐரிஷ் பீர் இப்படியும் இருக்கலாமா என்று பலரும் வாயைப் பிளந்தார்கள். டப்ளின் ஸ்டோனிபேட்டரில் 2010இல் வந்த எல். மல்லிகன் குரோசர் வேறு ஜாதி: பழைய பப்பின் மரப்பலகைகளை அப்படியே வைத்துக்கொண்டு, கின்னஸை மட்டும் வெளியே அனுப்பி, பழைய புத்தகங்களுக்குள் மெனுவை ஒட்டிக் கொடுத்தார்கள்.

கிராஃப்ட் பப்பில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, குழாய்களின் எண்ணிக்கை. இருபது குழாய் இருந்தால் பார்க்க அழகு. ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எட்டுப் பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருபது பீப்பாயும் மெதுவாகக் கிழடாகிக்கொண்டிருக்கும். பத்துக் குழாயோடு நிறுத்திக்கொண்டு வேகமாக மாற்றும் பப்தான் என் ஓட்டு வாங்கும். இரண்டாவது, ரவுண்டு வழக்கம் உடைந்துபோவது. ஐரிஷ் பப்பில் நான்கு பேர் போனால் ஆளுக்கொரு ரவுண்டு, அதாவது எல்லாருக்கும் சேர்த்து ஒரு சுற்று, வாங்குவார்கள். எல்லாரும் ஒரே விலையில் ஒன்றைக் குடிக்கும்போது அது தானாக நடக்கும். ஒருவர் 4.3 சதவீதம், அடுத்தவர் 8.5 என்று கேட்கத் தொடங்கினால், யாருக்கு எவ்வளவு செலவு, யார் எப்போது முடிப்பார் என்ற கணக்கு வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. அயர்லாந்தில் 'ஒரு கிளாஸ்' என்று கேட்டால் அரை பைண்ட் என்று பொருள். வலுவான பீரை கிளாஸில் வாங்குங்கள்; ரவுண்டும் ஓடும், மறுநாள் தலையும் நிற்கும்.

விலையைப் பற்றி எரிச்சல் இருப்பது நியாயம்தான். டப்ளினில் கின்னஸ் பைண்டை விடக் கிராஃப்ட் பைண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சிறு ஆலைக்கு வரிச்சலுகை இருந்தும் ஏன் இப்படி? 4.3 சதவீதப் பைண்ட் ஒன்றுக்கு எக்சைஸ் ஏறத்தாழ 55 சென்ட். பாதி திரும்ப வந்தால் 27 சென்ட் மிச்சம். ஹாப்ஸை அள்ளிக் கொட்டும் பீருக்கு, சின்னத் தொட்டியில் ஆள் நின்று காய்ச்சும் பீருக்கு, அந்த 27 சென்ட் எந்த மூலைக்கு? 2022 ஜனவரியிலிருந்து மதுவுக்குக் குறைந்தபட்ச விலைச் சட்டம் வந்ததால் கடையில் 4.3 சதவீத பீரின் 500 மில்லி கேன் ஒன்றை 1.70 யூரோவுக்குக் கீழே விற்க முடியாது. பெரிய கம்பெனிகளின் மலிவு லாகர் பீருக்கும் கிராஃப்ட் கேனுக்கும் இருந்த இடைவெளி அங்கே கொஞ்சம் சுருங்கியது. பப்புக்குள் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அப்படியென்றால் காய்ச்சுகிற இடத்துக்கே போய்க் குடித்தால் என்ன? பீரைப் பொறுத்தவரை அதை மிஞ்ச ஒன்றுமில்லை. டப்ளின் இன்சிகோரில் ராஸ்கல்ஸ் ஆலைக்குப் போனால் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பீட்சாவோடு குடிக்கலாம். கோப்பைக்கு வந்த பீர் கடந்து வந்த தூரம் சில மீட்டர். குழந்தைகளோடு வரும் குடும்பங்களையும் அங்கே பார்க்கலாம்.

ஆனால் அயர்லாந்தின் சட்டம் இந்த வகையை நிம்மதியாக வளர விடவில்லை. இங்கே புதுப் பப் உரிமம் வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கும் ஓர் உரிமத்தை வாங்கி அணைக்க வேண்டும். 1902ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு. தான் காய்ச்சிய பீரைத் தன் வாசலில் ஊற்றவே ஒருவர் ஐம்பதாயிரம் யூரோ அளவில் செலவழித்து எங்கோ மூடிய பப்பின் உரிமத்தைத் தேடிப் போக வேண்டும். 2018இல் ஆலைகளுக்கென்று தனிச்சட்டம் வந்தது. சந்தோஷப்பட்டவர்கள் ஷரத்துகளைப் படித்ததும் அடங்கிப்போனார்கள்: ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு மட்டும், காலை 10இலிருந்து மாலை 7 வரை. வேலை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கும் நேரத்தில் குழாயைப் பூட்ட வேண்டும். இது எனக்குக் கோபத்தை உண்டாக்குகிற விஷயம். கிராமத்துப் பப்கள் மூடுவதைப் பற்றி நாடே வருத்தப்படுகிறது. 2005க்குப் பிறகு ஏறத்தாழ 2,000 பப்கள் போய்விட்டன. அந்த ஊர்களில் ஒன்றில் ஒருவர் ஆலை வைத்து, சாயங்காலம் பத்துப் பேர் கூடிப் பேச விளக்கேற்றுகிறேன் என்றால் அவருக்கு ஏழு மணிக்கு மணி அடிக்கிறோம்.

வடக்கே, பெல்ஃபாஸ்ட் பக்கம், பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்து; அங்கே சட்டக் கணக்கு வேறு. பவுண்டரி என்ற ஆலை ஊர்மக்களிடமே பங்கு விற்றுக் கூட்டுறவாகத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டுச் சட்டம்தான் அங்கே உள்ளூர் உற்பத்தியாளர்களுக்கு ஒரு வழியைத் திறந்தது.

இந்த மூன்றையும் விட எனக்குப் பிடித்தது நான்காவது வகை, எண்ணிக்கையில் மிகக் குறைவு: பழைய பப்பே சொந்தமாகக் காய்ச்சுவது. தென்மேற்குக் கடலோர ஊரான டிங்கிளில் டிக் மேக்ஸ் அப்படி. ஒரு பக்கம் மதுக் கவுன்ட்டர், எதிர்ப்பக்கம் தோல் வேலை செய்யும் கவுன்ட்டர். பின்னால் பழைய மாட்டுக்கொட்டகையில் பீர் ஆலை. அங்கிருந்து மேற்கே பாலிஃபெரிட்டருக்குப் போனால் டீ விரிக் பப். அதோடு சேர்ந்த வெஸ்ட் கெர்ரி ஆலையை ஏட்ரியன் ஹெஸ்லின் என்ற பெண்மணி 2008இல் தொடங்கினார். சொந்தக் கிணற்றுத் தண்ணீர். அவர்களுடைய போர்ட்டரின் பெயர் காரிக் துவ், ஐரிஷ் மொழியில் கருப்புப் பாறை. சுற்றிலும் அந்த மொழியே பேசும் ஊர். பழைய பப்பின் கூட்டமும் பேச்சும் ஆலையின் புதுமணமும் ஒரே கூரையின் கீழ். பீப்பாய்க்கு வயதாக நேரமே கிடையாது.

ஊருக்குப் புதிதாக வருகிறவர் இந்தப் பக்கம் போக முடியாது, டப்ளினில் ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால் நான் சொல்வது இது. ஆறு மணிக்கு ஆலையிலோ நல்ல கிராஃப்ட் பப்பிலோ தொடங்குங்கள். நாக்கு சுத்தமாக இருக்கும்போது பேல் ஏல். ஓஹாராஸ் ஸ்டவுட் கண்ணில் பட்டால் ஒரு கிளாஸ் வாங்குங்கள். கின்னஸை விடக் கசப்பும் வறுவல் ருசியும் தூக்கலாக இருக்கும். அதன் பிறகு டெம்பிள் பார் நெரிசலைத் தவிர்த்து, வயதானவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய பப்புக்குப் போய் கின்னஸ் சொல்லிவிட்டு அது தெளியும் வரை காத்திருங்கள். ஒற்றைக் கிராஃப்ட் குழாய் மட்டும் ஓரத்தில் நிற்கும் இடத்தில், முதலில் ஒரு வாய் ருசி பார்க்கக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

போன வருடம் அந்த மழை ஊருக்கு மறுபடி போயிருந்தேன். பத்தாவது குழாய் இல்லை. அந்த இடத்தில் ஆல்கஹால் இல்லாத ஸ்டவுட்டின் குழாய். அதே பேல் ஏல் இருக்கிறதா என்று தயங்கித்தான் கேட்டேன். அவர் குனிந்து குளிர்பெட்டியிலிருந்து ஒரு கேனை எடுத்தார், கவிழ்த்து அடியிலிருந்த தேதியை எனக்குக் காட்டினார், பிறகு திறந்து கோப்பையில் ஊற்றினார். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசம்.