பாஸ்கலின் இரவும் பவுலின் சாட்சிகளும்

விசுவாசத்துக்கு ஆதாரம் அனுபவமா, சான்றா? கணித மேதை பாஸ்கல் 1654 நவம்பர் 23 இரவு, பத்தரை மணி தொடங்கி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தேவனை உணர்ந்தார். அதை எழுதி மேலங்கிக்குள் தைத்து வைத்துக்கொண்டார். 1662-ல் அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது. அனுபவத்தின் பலம் இதுதான்: கடைசிவரை கூடவே வரும். ஆனால் அடுத்தவருக்கு அதைக் கைமாற்ற முடியாது. பிற மதத்தாருக்கும் இப்படி அனுபவங்கள் உண்டே என்று கேட்டால், அனுபவம் மட்டும் பதில் சொல்லாது.

அப்போஸ்தலன் பவுலும் தமஸ்கு வழியில் ஒளியைக் கண்டவர்தான். ஆனாலும் தன் கடிதமான 1 கொரிந்தியர் 15-ல் கேபா (பேதுரு), யாக்கோபு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் என்று, உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்ட சாட்சிகளை அடுக்குகிறார். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய் விசாரிக்கலாம் என்றுதானே அர்த்தம்? சரி, சான்று மட்டும் யாரையும் ஜெபிக்க வைப்பதில்லை. இருந்தாலும் சந்தேகம் வரும் நாட்களில் நான் முதலில் திறப்பது பவுலின் அந்தப் பட்டியலைத்தான்.