நின்றுகொண்டிருக்கும் குதிரையின் விலகிய மூட்டைக் கையால் பொருத்தித் தருவதாகச் சொல்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் கடற்கரைச் சவாரிக்காக மட்டக்குதிரை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குதிரை வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு வீடு தேடி வரும் ஒருவர், எங்கள் குதிரையின் இடுப்பு மூட்டு விலகியிருந்ததை வெறும் முழங்கால் சில்லுப் பிசகு என்று கூறி, 35,000 ரூபாய் வாங்கிச் சென்றார். பணம் போனதைவிட, மூட்டைத் திரும்பப் பொருத்தக்கூடியதாக இருந்த நேரத்தை அவர் வீணடித்ததே பெரிய நட்டம்.

மேய்ச்சலுக்குக் கட்டிய கயிறு பின்னங்காலில் சுற்றியதால் குதிரை கானுக்குள் பக்கவாட்டில் விழுந்தது. எழுந்து நின்றபோது வலப் பின்னங்காலின் குளம்பு நுனி மட்டுமே நிலத்தில் பட்டது. வந்தவர் சில்லை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளியதும், விறைத்து நின்ற கால் சட்டென மடங்கியது. அங்கிருந்த எல்லோரும் வியந்துதான் போனோம். பெயர் சொல்ல மறுத்த ஊசியொன்றைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, நன்றாக நடத்திப் பழக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வித்தை ஏன் பலிக்கிறது என்பதைப் பின்னர் வந்த அரச கால்நடை வைத்தியர் விளக்கினார். தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் கிண்ணக்குழியை விட்டு மேல்நோக்கியும் முன்நோக்கியும் நழுவும்போது, முழங்கால் சில்லும் கூடவே மேலே சென்று கொளுவிக்கொள்வதுண்டு. சில்லை விடுவித்தால் கால் மடங்கும். ஆனால் இடுப்பு மூட்டு விலகியபடியேதான் இருக்கும். வலி குறைக்கும் ஊசியின் தயவில் குதிரை சற்று நடமாட, சுகமாகிவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

கண்ணாலேயே பார்க்கக்கூடிய அடையாளங்கள் இருந்தன. பின்னால் நின்று இரண்டு குதிமுனைகளையும் (பின்னங்காலின் நடுவில் பின்பக்கம் துருத்தும் மூட்டு முனை) ஒப்பிட்டால், பாதிக்கப்பட்ட பக்கம் உயர்ந்திருக்கும், ஏனெனில் கால் குறுகியிருக்கிறது. முழங்காலும் குளம்பு நுனியும் வெளிப்புறம் திரும்பி, குதிமுனை உட்புறம் சாய்ந்திருக்கும். இடுப்பின் பக்கத்து எலும்பு மேடு வழக்கத்தைவிடத் துருத்தித் தெரியும். இவற்றில் ஒன்றையும் வீடு தேடி வந்த அந்த ஆள் பார்க்கவில்லை. இடுப்பெலும்பு முறிவும் இதே போலத் தோன்றக்கூடும் என்பதால், ஸ்கான் அல்லது எக்ஸ்றே இல்லாமல் எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. தடித்த தசையினூடாக நல்ல எக்ஸ்றே எடுப்பதற்குப் பெரும்பாலும் குதிரையை மயக்கிப் படுக்கவைக்க வேண்டியிருக்கும்.

குதிரையின் இடுப்பு மூட்டு இலேசில் விலகுவதில்லை. நாய்க்கும் மாட்டுக்கும் இல்லாத மேலதிகத் தசைநார் ஒன்று, வயிற்றுத் தசையிலிருந்து வந்து தொடை எலும்பின் தலையைப் பிடித்திருக்கிறது. அதனால் பெரிய குதிரைகளில் இது அரிது. மட்டக்குதிரைகளிலும் குட்டிகளிலும்தான் கூடுதலாகக் காணப்படுகிறது. இத்தனை வலிய கட்டுகள் அறுந்தபின் விலகிய எலும்பை, நின்றுகொண்டிருக்கும் குதிரையில் கையால் இழுத்துப் பொருத்துவது நடக்காத காரியம். முழு மயக்கம் கொடுத்து, தசைகள் தளர்ந்த நிலையில், உடலைப் பட்டியால் இறுக்கிக் கட்டி, காலைக் கயிறு போட்டு இழுத்துத் திருப்ப வேண்டும். முதல் நாளுக்குள் செய்தால்தான் ஓரளவு வாய்ப்பு உண்டு. நாள் செல்லச் செல்லக் குழிக்குள் உறைந்த குருதியும் நார்த்திசுவும் நிரம்பி, தசைகளும் சுருங்கிவிடுகின்றன. உரிய நேரத்தில் பொருத்தினாலும் மீண்டும் நழுவுவது வழமை என்பதை வைத்தியர் எங்களிடம் மறைக்கவில்லை.

எங்கள் குதிரைக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. உடல் சிறியது என்பதால் தொடை எலும்பின் தலையை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சை மட்டுமே மிஞ்சியது. இப்போது வலி குறைந்து, நொண்டியபடி மேய்கிறது. சவாரிக்கு இனி உதவாது.

அந்த ஆள் மூதூர், கிண்ணியாப் பக்கங்களுக்கும் போய்வருவதாக அறிகிறேன். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பார், பற்றுச்சீட்டுத் தரமாட்டார், பதிவிலக்கம் கேட்டால் பேச்சை மாற்றுவார். மயக்கம் கொடுத்தால் குதிரை செத்துவிடும் என்றும், அரச வைத்தியரைக் கூப்பிட்டால் கொல்லத்தான் சொல்வார் என்றும் பயமுறுத்துவார். குதிரைகளுக்கு மயக்கம் ஆபத்தில்லாதது அல்ல என்பதும், பெரிய குதிரையாக இருந்தால் வைத்தியர்கள் கருணைக்கொலையைப் பற்றிப் பேசுவார்கள் என்பதும் உண்மையே. அந்த அரை உண்மைகளை வைத்துத்தான் அவர் முதல் நாளை நம்மிடமிருந்து பறிக்கிறார்.