மூன்று பீட்டில்ஸ் நேரடிப் பதிவுகள்: எதை முதலில் கேட்பது?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கும் பையன்கள் நிறைய இருக்கிறார்கள். மைக் செட் வேலைக்குப் போகிற இடத்தில் அவர்களோடு பேச்சு வளரும். "அண்ணே, பீட்டில்ஸ் பாட்டெல்லாம் போன்லயே கேட்டுட்டேன். அவங்க மேடையில வாசிச்சதுல எது நல்லா இருக்கும்?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேடினால் முக்கியமாக மூன்று பதிவுகள் வந்து நிற்கும். 1962 டிசம்பர் கடைசியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஸ்டார் கிளப்பில் பிடித்தது ஒன்று. பி.பி.சி. வானொலிக்காகப் பாடி, 1994இல் இரட்டை சி.டி.யாக வந்தது இன்னொன்று. 1964லும் 1965லும் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் பதிவாகி 1977இல் வெளிவந்தது மூன்றாவது. பாடுவது இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸின் அதே நாலு பேர்தான்: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ ஸ்டார். ஆனால் அடுத்தடுத்துக் கேட்டால் மூன்று வேறு குழுக்களோ என்று தோன்றும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பத் திரும்பக் கேட்க பி.பி.சி. பதிவை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஆரம்ப நாட்களில் அந்தக் குழு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், மூன்றிலும் ஒலி மிக மோசமான ஹாம்பர்க் டேப்தான் முதலில். மற்ற இரண்டிலும் அவர்கள் செய்வது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

அந்த டேப்பின் கதை எளிமையானது. வீட்டில் வைத்துக்கொள்ளும் ஒரு கிரண்டிக் ஸ்பூல் ரெக்கார்டர், மேடைக்கு முன்னால் ஒரே ஒரு மைக். மிக்சரும் கிடையாது, ஒவ்வொரு ஒலியையும் தனியாகப் பிடிக்கும் டிராக்கும் கிடையாது. ஒலி வேலை தெரிந்தவர்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடும்: மைக்குக்குப் பக்கத்தில் இருந்த கிடார் முந்துகிறது, குரல் எங்கோ பின்னால் நிற்கிறது, பேஸ் கிடார் பாதி காணாமல் போகிறது. இரைச்சல் தாங்கவில்லை என்று ட்ரெபிளை, அதாவது கீச்சு ஒலியை, முழுக்க இறக்கினால் வார்த்தைகளும் சேர்ந்து போய்விடும். அதைவிட 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஏற்றிப் பாருங்கள். பாட்டு கொஞ்சம் எழுந்து வரும்.

எழுந்து வந்ததும் என்ன கேட்கிறது? வேலை செய்கிற ஒரு குழு. முதல் இசைத்தட்டு அந்த வருஷம் அக்டோபர் 5 அன்றுதான் வெளிவந்திருக்கிறது. ரிங்கோ ஸ்டார் ஆகஸ்டில்தான் சேர்ந்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் யாரும் அவர்களுக்காக அலறவில்லை, குடிக்கவும் ஆடவும் வந்த கூட்டம் அது. ஜான் லெனன் கூட்டத்தைச் சீண்டுகிறார். கிளப்பில் வேலை பார்த்தவர்களே ஏறி வந்து இரண்டு பாட்டுப் பாடுகிறார்கள், குழு பின்னால் வாசித்துக்கொடுக்கிறது. நம்ம ஊர்த் திருவிழா மேடையில் விடிய விடிய நடக்கும் இன்னிசைக் கச்சேரியில் நடு ராத்திரிக்கு மேல் இருக்கும் நிலைமை அப்படியே இதுதான். துண்டுச்சீட்டு வந்துகொண்டே இருக்கும், விழாக் கமிட்டிக்காரர் "நான் ஒண்ணு பாடுறேன்" என்று ஏறுவார், ஒருவர் களைத்தால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். கச்சேரி மட்டும் நிற்காது.

ஹாம்பர்க்கில் அவர்கள் 1960 ஆகஸ்டில் தொடங்கினார்கள். முதல் கிளப்பான இந்த்ராவில் வார நாட்களில் ராத்திரிக்கு நாலரை மணி நேரம், சனி ஞாயிறில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். அத்தனை நேரத்தை நிரப்ப ராக் பாட்டு மட்டும் போதாது. அதனால்தான் இந்த டேப்பில் அமெரிக்க ராக் பாடகர் சக் பெர்ரி பாட்டுக்குப் பக்கத்திலேயே 'பேஸாமே மூச்சோ' மாதிரியான பழைய காதல் பாட்டும் வருகிறது. வேகமும் கவனிக்க வேண்டியது. அவசரம் மாதிரி தெரியும், ஆனால் நாலு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், ஒரே இடத்தில் புறப்படுகிறார்கள். 1963 பிப்ரவரி 11ஆம் தேதி, முதல் ஆல்பத்துக்கான பத்துப் பாட்டை ஒரே நாளில் ஸ்டுடியோவில் பாடி முடித்தார்கள் என்பதை எல்லாரும் அதிசயமாகச் சொல்வார்கள். இந்த டேப்பைக் கேட்டவருக்கு அதில் அதிசயம் தோன்றாது.

உரிமைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். 1977இல் இந்த டேப் இரட்டை இசைத்தட்டாக வந்தது குழுவின் சம்மதத்தோடு அல்ல. 1998இல் லண்டனில் வழக்கு நடந்து, ஜார்ஜ் ஹாரிசனே நேரில் சாட்சி சொல்லி, உரிமை பீட்டில்ஸ் பக்கம் வந்தது. அதற்கு முன்னால் இதே டேப்பைப் பல நிறுவனங்கள் வேறு வேறு அட்டையில், பாட்டு வரிசையை மாற்றி மாற்றி விற்றிருக்கின்றன. பழைய பிரதி ஒன்று கையில் இருந்தால் போதும், இன்னொன்று தேட வேண்டாம்.

அப்புறம் பி.பி.சி. இங்கே ஒலி சுத்தம். எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோதான், ஆனாலும் ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாக நிற்கிறது. பால் மெக்கார்ட்னியின் பேஸ் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று கற்றுக்கொள்ள நினைப்பவர் இதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் வானொலி ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் இசைத்தட்டு போடலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. இசைக்கலைஞர்களின் பிழைப்பு போய்விடும் என்று சங்கம் விடாப்பிடியாக நின்றது அதற்கு ஒரு காரணம். மிச்ச நேரத்தை நிரப்பக் குழுக்களை நேரில் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் புண்ணியத்தில் பீட்டில்ஸ் 1962 முதல் 1965 வரை 88 பாட்டுகளை மொத்தம் 275 தடவை வானொலிக்குப் பாடியிருக்கிறார்கள். 1963 ஜூலை 16 அன்று ஏழு மணி நேரத்துக்குள் 18 பாட்டு. ஹாம்பர்க் ராத்திரிகள் இங்கே பலன் கொடுக்கின்றன. வேறெந்த இசைத்தட்டிலும் அவர்கள் பாடாத பாட்டுகள் பல இதில் இருப்பதற்கும் காரணம், அந்தக் கிளப் நாட்களில் சேர்த்து வைத்த சரக்குதான்.

ஆனால் பி.பி.சி. பல டேப்புகளைப் பாதுகாக்கவில்லை. 1994 தொகுப்புக்காகத் தேடியபோது, ரேடியோவில் வந்ததை வீட்டில் பிடித்து வைத்திருந்த நேயர்களின் பதிவுகளும் கைகொடுத்தன. சில பாட்டுகள் பளிச்சென்றும் சில மங்கலாகவும் இருப்பதன் காரணம் இதுதான். இலங்கை வானொலி துல்லியமாக விழும் நம்ம கரையில், டூ-இன்-ஒன்னை வைத்துக்கொண்டு பாட்டு வரும் நேரம் பார்த்துப் பட்டனை அழுத்திய வீடுகள் எத்தனையோ. அந்த கேசட்டுகளை யாரும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிலையத்திலேயே இல்லாதது அதில் இருக்கலாம்.

பி.பி.சி. பதிவின் குறை ஒன்றுதான். பெரும்பாலான பாட்டுகளில் எதிரே ஆள் இல்லை. அறிவிப்பாளர் மரியாதையாகப் பேசுகிறார், இவர்கள் ஜோக் அடிக்கிறார்கள், பாட்டைச் சுத்தமாக முடிக்கிறார்கள். கூட்டத்தைக் கட்டி இழுக்கும் வேலை அங்கே தேவைப்படவில்லை.

ஹாலிவுட் பவுலில் அதற்கு நேரெதிர். ஏறத்தாழ 17,000 பேர் முழு நேரமும் அலறுகிறார்கள். மேடையில் இருப்பவர்களுக்கே கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் கிடையாது, பாடுபவருக்குத் தன் குரலே காதில் விழாது. மற்றவர்களின் உடல் அசைவைப் பார்த்தே பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து வாசித்ததாக ரிங்கோ சொல்லியிருக்கிறார். அந்த நிலைமையிலும் மூன்று குரலும் சுருதியில் சேர்கின்றன. கச்சான் காற்று மைக்கில் புகுந்து மானிட்டரும் கேட்காத மேடையில் பாடகர்கள் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதன் அருமை எனக்கு நன்றாகவே தெரியும்.

பதிவு மூன்று டிராக் டேப்பில். 1965இன் முதல் நாள் பாலின் மைக் தகராறு செய்தது. 1977இல் குழுவின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இதை வெளியிடத் தயார் செய்தபோது, பழைய மூன்று டிராக் மெஷின் சூடேறிக்கொண்டே இருந்ததால் வாக்குவம் கிளீனரைத் திருப்பிக் குளிர்ந்த காற்றை ஊதி ஊதி ஓட்டினார்களாம். 2016இல் அவர் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் அலறலைக் குறைத்து, நாலு பாட்டு கூட்டி மறுபடி கொண்டுவந்தார். வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் மூன்றாம் இடம்? இது ஆரம்ப நாள் இல்லை. அரை மணி நேரத்தில், எல்லாருக்கும் தெரிந்த ஒரு டஜன் பாட்டைப் பாடிவிட்டு ஓடும் உலகப் பிரபலங்கள் இவர்கள். கூட்டத்தை ஜெயிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 'ரோல் ஓவர் பீத்தோவன்' மூன்றிலும் இருக்கிறது, மூன்றிலும் ஜார்ஜ் ஹாரிசன்தான் பாடுகிறார். முதலில் பி.பி.சி.யில் கேட்டு கிடார் வரியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து பவுலில், அலறலுக்குள் அதே வரியை எப்படி விடாமல் பிடிக்கிறார் என்று பாருங்கள். கடைசியில் ஹாம்பர்க்கைப் போட்டு டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். சேர்ந்து நாலு மாதம்தான் ஆன ரிங்கோ மற்ற மூன்று பேரையும் எங்கே தள்ளிக்கொண்டு போகிறார் என்பது முதல் தடவையிலேயே பிடிபடும். கோயில் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இயர்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் சத்தமாகப் போடுங்கள்.